ஊத்தப்பத்துக்கு வைத்த பொட்டு

டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் நஞ்சுண்டனுக்கு வீடு இருந்தது. வீட்டுக்கு முன்னால் புல் இருந்தது. புல் ஓர் அங்குலம் கூடிவிட்டது என்று கடிதம் போடக் குடியிருப்புச் சங்கமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவர் பேச ஆரம்பித்ததை முடிக்கிற வரைக்கும் கேட்க ஓர் ஆள் இல்லை.

முப்பத்தோரு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவர். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. மாமியார்கள் சம்பளமில்லாமல் செய்வதை இவர் சம்பளத்துக்குச் செய்தார். மீட்டிங்கில் அவர் தொண்டையைச் செருமினால் பத்துப் பேர் லேப்டாப்பைப் பார்ப்பார்கள். "நஞ்சுண்டன், இத ஆஃப்லைன்ல பேசலாம்" என்பார் மேனேஜர். ஆஃப்லைன் என்ற அந்த ஊருக்குப் போய்த் திரும்பியவர் எவரும் இல்லை. அவர் பாடுபட்டுக் கண்டுபிடித்த தப்புகளில் பாதியை, "தெரிந்த தப்புதான், திருத்துவதாக இல்லை" என்று ஒற்றை வரி எழுதி மூடிவிடுவார்கள். அந்த வரியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இரத்த அழுத்தம் வந்தது என்பது அவர் கட்சி. ஊறுகாயால் வந்தது என்பது மனைவி வசந்தாமணியின் கட்சி.

வசந்தாமணி அவர் பேச்சைக் கேட்பார்தான். ஆனால் பாதியிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். சன்னிவேலில் இருக்கும் மகள் கண்மணி, ஞாயிறுதோறும் போனில் "ஓகேப்பா, ஓகேப்பா" என்பாள். அதைச் சொல்ல வாய் போதும், காது வேண்டியதில்லை.

அறுபத்து மூன்று வயதில் ரிட்டயர் ஆன நஞ்சுண்டன், மூன்றாம் மாதம் டாலஸில் ஒரு விமான அருங்காட்சியகத்துக்குப் போனார். விமானத்தின் மேல் ஆசை என்று சொல்ல முடியாது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், வெளியே நூற்று நான்கு டிகிரி, உள்ளே ஏசி.

அங்கேதான் அதைப் பார்த்தார். இறக்கை என்று தனியாக எதுவும் இல்லை. உடம்பே ஒரு பெரிய வட்டம், அந்த வட்டமே இறக்கை. முன்பக்க ஓரங்களில் ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு புரொப்பெல்லர்கள். கொக்குக்கு இருப்பது போல இரண்டு நீளக் கால்கள், அதனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. மரமும் துணியும் கொண்டு செய்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகச் சோதித்துப் பார்த்த விமானம். உலகத்தில் இது ஒன்றுதான். அமெரிக்கர்கள் அதைப் பறக்கும் பான்கேக் என்றார்கள். நஞ்சுண்டனுக்குப் பசி நேரம். அவருக்கு ஊத்தப்பமாகத்தான் தெரிந்தது.

அதைவிட அவரை அசத்தியது பக்கத்தில் நின்ற வழிகாட்டி. சட்டையில் இறக்கை பேட்ஜ் குத்திய கிழவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடப் போனைத் தொடவில்லை. நஞ்சுண்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடம் யாரும் "ஆஃப்லைன்" என்று சொல்லவில்லை. அன்றைக்கே தொண்டர் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

நாற்பது மணி நேரப் பயிற்சி. கடைசியில் நிஜப் பார்வையாளர்களை வைத்து ஒரு தேர்வுச் சுற்று. தேறினால் பேட்ஜ். தொண்டர்களை நிர்வகிக்கும் டெப்ரா என்ற அம்மாள், முதல் நாளே இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, காட்சிப் பொருளைத் தொட்டால் பேட்ஜ் கிடையாது. இரண்டு, பொய் என்று தெரிந்ததைப் பார்வையாளரிடம் சொல்லக் கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நஞ்சுண்டன் இரண்டாவதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. எதிர்வீட்டு மயில்சாமி, உடுமலைக்காரர், ரியல் எஸ்டேட் ஏஜென்ட், காபிக்கு வந்து மாட்டிக்கொண்டார்.

"என்னுங்கண்ணா, ஊத்தப்பம் எப்படியிருக்குது? திருப்பிப் போட்டாச்சுங்களா?"

"ஒரு தடவ திரும்பிப் படுத்துச்சு மயிலு" என்றார் நஞ்சுண்டன் சிரிக்காமல். "நாப்பத்து மூணுல. கனெக்டிகட்ல பீச்ல எமர்ஜென்சி லேண்டிங். எதுத்தாப்ல குளிக்க வந்த ஜனம். பைலட் சடன் பிரேக் போட்டாரு. அப்படியே மல்லாந்துருச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல, பிளேனுக்கும் பெருசா ஒண்ணும் ஆகல."

"பறக்கும் தட்டுன்னு சொல்லுங்கண்ணா. ஏலியன் வந்து டிசைன் பண்ணிக் குடுத்தான்னு ஒரு பிட்டப் போடுங்க. நான் ஒரு வீட்ட விக்கறதுக்கு எத்தன சொல்றேன்!"

"அது பொய்யில்ல?"

"கேக்கறவனுக்குச் சந்தோசமா இருந்தா அது என்னுங்க பொய்யி?"

"ஏனுங்க, அவரு காபி ஆறுது, விடுங்க" என்றார் வசந்தாமணி. ஒத்திகை அத்துடன் முடிந்தது.

தேர்வுக்கு எட்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை வந்தது.

அந்த வீட்டில் ஆயுத பூஜைக்குத் தப்பிய பொருள் கிடையாது. இரண்டு கார், புல்வெட்டி, லேப்டாப், மிக்ஸி, கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட், எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஏனுங்க, வேக்குவம் ரோபோவுக்கு வெச்சீங்களா?"

"அது நிக்கவே மாட்டேங்குது. துரத்திட்டு இருக்கறேன்."

"ஸ்டாப் பண்ணி வைங்க. போன வருசம் வெக்காம விட்டுத்தான் சோபாவுக்கு அடியில போயிச் செத்துக் கெடந்துச்சு. நீங்க வேல செய்யற சாமான் எதையும் விட்ராதீங்க."

வேலை செய்கிற சாமான். நஞ்சுண்டன் யோசித்தார். இப்போது அவர் எதை வைத்து வேலை செய்கிறார்? லேப்டாப்பைத் திறந்து மாதம் ஆகிறது. புல்லை வெட்ட ஆள் வருகிறது. சந்தனத்தைச் சின்ன டப்பாவில் எடுத்தார், குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்தார், ஓர் எலுமிச்சம்பழத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். சுங்கச் சாலையில் நாற்பது நிமிடம் நியாயம் தேடிக்கொண்டே போனார். தொடக் கூடாது என்பது சட்டம். பொட்டு வைப்பதைத் தொடுவது என்று யாராவது சொல்வார்களா? நெற்றியில் பொட்டு வைத்தவரை அடித்தார் என்று கேஸ் போடுகிறோமா?

அருங்காட்சியகத்தில் கூட்டமில்லை. விமானத்தின் இடது கால் வயிற்றோடு சேருகிற மூலையில், உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாத இடத்தில், விரல் நுனியால் சந்தனம், அதன்மேல் ஈரக் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தவர், ஏற்றி நசுக்க இந்த வண்டி முன்னால் நகரப்போவதில்லை என்று உணர்ந்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். அது அன்று மாலை ஜூஸ் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை போனபோது ஊத்தப்பத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். காய்ந்த சந்தனம் உதிர்ந்து போயிற்று. ஈரக் குங்குமம் வெள்ளி நிறத் துணியில் ஊறி, ஒரு விரல் நீளத்துக்குக் கீழே வழிந்து நின்றது. பழைய விமானங்களின் கால்களில் அதிர்ச்சி தாங்குவதற்கு ஓர் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெய் சிவப்பு.

"கசிவு" என்றார் வால்டர்.

வால்டருக்கு எண்பத்து நான்கு வயது. அந்த விமானத்தை எட்டு வருடம் மரம் மரமாக, துணி துணியாகச் சரிசெய்த ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளில் ஒருவர். சரிசெய்து முடித்த நாளிலிருந்து அந்த விமானத்தில் எதுவுமே கெடவில்லை. பறக்காத விமானம் எப்படிக் கெடும்? வாராவாரம் வந்து தூசு துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த கிழவர்களுக்கு இந்தச் சிவப்பு, பேரன் பிறந்த சேதி மாதிரி இருந்தது. ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஜாக்கி வந்தது. ஸ்பானர் பெட்டிகள் வந்தன. ஒருவர் டோனட் வாங்கி வந்தார். திங்கட்கிழமை விமானத்தைத் தூக்கி நிறுத்தி, துணியை அறுத்து, காலைக் கழற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

நஞ்சுண்டன் நாள் கணக்குப் போட்டார். சனிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை அறுவை. சொன்னால் பேட்ஜ் போகும். சொல்லாவிட்டால் எட்டு வருட உழைப்பைத் தன் ஒரு விரலுக்காக அறுப்பார்கள். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் தப்பை எழுதிக் கொடுத்தவருக்குத் தன் தப்பை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டில் வசந்தாமணியிடம் சொன்னார். அதிசயமாக அவர் முடிவை முந்திச் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அங்க போயி ஏனுங்க வெச்சீங்க?" என்றார்.

"நீதான் வேல செய்யற சாமானுக்கெல்லாம் வெக்கச் சொன்ன."

"நான் வீட்டுல இருக்கறதச் சொன்னனுங்க! சரி, சனிக்கெழம பேட்ஜ வாங்கிட்டு ஞாயித்துக்கெழம சொல்லிருங்க."

"வாங்குனதுக்கப்புறம் புடுங்கிக்குவாங்களே."

"ஒரு நாளாச்சும் குத்திக்கிட்டு போட்டோ எடுத்துக் கண்மணிக்கு அனுப்பலாமுல்ல."

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நஞ்சுண்டன் அதையே செய்வதென்று முடிவு செய்து, சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றார். பேட்ஜுக்கான இடத்தைச் சட்டையில் காலியாக விட்டு, பேனாவைப் பேன்ட் பைக்கு மாற்றியிருந்தார்.

பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மதிப்பெண் அட்டையோடு டெப்ரா பின்னால் நின்றார். நாடாவுக்கு உள்ளே வால்டர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பானருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நஞ்சுண்டன் அன்று நன்றாகத்தான் பேசினார். கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே எழும்பக்கூடிய விமானத்தைக் கடற்படை ஏன் விரும்பியது, அதற்குள் ஜெட் வந்து இதன் கதை எப்படி முடிந்தது, இதற்குப் பின் உலோகத்தில் செய்த தம்பி விமானம் தன்னை உடைக்கக் கிரேனில் தொங்கவிட்ட இரும்புக் குண்டுக்கே எப்படி அசையாமல் நின்றது, எல்லாம் வரிசையாக வந்தது. பதினோராவது நிமிடத்தில் ஊதா நிறத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கையைத் தூக்கினார்.

"அந்தச் சிவப்பு என்ன?"

தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரியும். எண்ணெய் என்று சொல்லலாம். ஆனால் இல்லை. இரண்டு முறை அடிக்கோடிட்ட சட்டம் குறுக்கே வந்து நின்றது.

"அது நான் வைத்தது, மேடம்" என்றார் நஞ்சுண்டன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஊர்களில் எந்தக் கருவியும் வேலை செய்யாது என்றார். லாரியிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து உட்கார வைப்போம், அன்றைக்கு அவற்றிடம் வேலை வாங்குவது பாவம் என்றார். வேக்குவம் ரோபோ சோபாவுக்கு அடியில் இறந்ததைச் சொன்னார். எலுமிச்சம்பழத்தையும் மறைக்கவில்லை. ஒன்பது நிமிடம் பேசினார். பதினெட்டுப் பேரில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. டெப்ரா மதிப்பெண் அட்டையைக் கீழே இறக்கியிருந்தார். முடித்ததும் கைதட்டினார்கள். நஞ்சுண்டனின் ஆயுளில் வீட்டுக்கு வெளியே அவர் பேச்சு முடிகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அன்றுதான்.

வால்டர் மட்டும் கைதட்டவில்லை. எழுந்துபோய்க் கறையைச் சுரண்டி முகர்ந்தார். ஸ்பானரை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். விருந்துக்கு இலை போட்ட பிறகு கல்யாணம் நின்றுபோன முகம்.

டெப்ரா அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். என்ன பொருள் என்ற இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்தது என்று எழுதினார் நஞ்சுண்டன். என்ன நோக்கம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, "வருடாந்திரப் பராமரிப்பு" என்று எழுதினார். டெப்ரா அதைப் படித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், பேட்ஜ் கிடையாது என்றார். சட்டம் சட்டம்தான்.

வீட்டுக்குக் கிளம்பியவரைக் கதவருகே வால்டர் மறித்தார். கறையை எடுக்க வேண்டும், ஒவ்வொரு இழையாக, பஞ்சுக் குச்சியால், காய்ச்சி வடித்த தண்ணீரில். விமானத்துக்கு அடியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். தன் ஆட்கள் ஆறு பேருக்கும் சேர்த்து மடங்குகிற முட்டி ஒன்றுகூட இல்லை. "உனக்குத் தரையில் உட்கார வருமா?"

நஞ்சுண்டன் அங்கேயே, அந்த சிமெண்ட் தரையில், சம்மணம் போட்டுக் காட்டினார். கிழவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றே மெக்கானிக்குகள் போடும் சாம்பல் நிற ஓவரால் உடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஓவரால் போட்டவர்கள் பார்வையாளர்களிடம் பேசக் கூடாது, அது பேட்ஜ்காரர்களின் வேலை.

"வாயத் தெறக்காம செய்யற வேலைங்களா?" என்றார் வசந்தாமணி. "இத முப்பத்தோரு வருசத்துக்கு முன்னாலயே குடுத்திருக்கலாமுங்க."

நாற்பது மணி நேரம் பயிற்சி பெற்ற ஆள் போனதும் டெப்ராவுக்கு ஓர் இடம் காலியாயிற்று. ஜனவரியில் அது நிரம்பியது. நிரப்பியவர் மயில்சாமி, வீடு விற்பனை அப்போது மந்தம்.

ஒரு சனிக்கிழமை நஞ்சுண்டன் ஊத்தப்பத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கறை முக்கால்வாசி போய்விட்டது. மூலையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு மட்டும் இழைக்குள் இறங்கி வர மறுத்தது. அவர் இருந்த இடத்திலிருந்து ஆட்கள் தெரியாது, செருப்பும் ஷூவும்தான் தெரியும். இருபத்திரண்டு ஜோடி வந்து நின்றன. மேலே மயில்சாமியின் குரல் கேட்டது.

"அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் தன் கையால் வைத்த ஒப்புதல் முத்திரை. இவ்வளவு வருடம் அழியவில்லை!"

நஞ்சுண்டன் வாயைத் திறந்தார். ஓவராலைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மயில்சாமி குனிந்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டு நிமிர்ந்தார். இருபத்திரண்டு ஜோடியில் ஒன்றுகூட நகரவில்லை.

சுற்று முடிந்து கூட்டம் போன பிறகு, கறை விவரம் எழுதும் நோட்டை வால்டர் தரைவழியாகத் தள்ளிவிட்டார். அன்றைய வேலையைப் பதிய வேண்டும். நஞ்சுண்டன் அந்தப் புள்ளியை ஒரு முறை பார்த்தார். பஞ்சுக் குச்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பேனாவை எடுத்து, அன்றைய தேதிக்கு நேராக நிதானமாக எழுதினார்:

"தெரிந்த தப்புதான். திருத்துவதாக இல்லை."