மூலையில் ஒரு 'தொ'

ஃப்ரீமான்ட் வீட்டு அலமாரியில், பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் ஓர் எக்ஸ்ரே ஃபிலிம் வைத்திருக்கிறேன். அதில் எலும்பு எதுவும் இல்லை. வில் போல வளைந்த கறுப்புக் கோடு ஒன்று, மூலையில் என் கையெழுத்தில் 'தொ'.

முன்பு நியூஜெர்சியில், பிஸ்கட்டவே ஊரின் ஓர் ஆய்வகத்தில் நானும் அக்காவும் பக்கத்து மேசைக்காரர்கள். கூடப் பிறந்தவள் இல்லை. ஈரோட்டுக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். சீதபேதி தரும் அமீபாவை வளர்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் குரோமோசோமோடு சேராமல் ஒரு டிஎன்ஏ வளையம் தனிக்குடித்தனம் நடத்துகிறது. தன்னை நகலெடுக்கும்போது அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. வளையத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்க்க வேண்டும். தொடங்கும் இடம் உள்ள துண்டுதான் ஃபிலிமில் அப்படி வில்லாக விழும். எட்டு மாதம் விழவே இல்லை. விழுந்த அன்று சந்தோஷத்தில் மூலையில் 'தொ' என்று கிறுக்கினேன். தொப்புள்! அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன்டி, ஒரிஜின்னு எழுதினா கை வலிக்குமா?" அதன்பிறகு எங்களுக்குள் அது தொப்புள்தான். இன்னொரு ஃபிலிமிலும் பதிந்து, அதிலும் 'தொ' எழுதி, எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போனேன். இரண்டு வாரம் என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது. "நீ டென்ஷன் ஆகாத. பேப்பரை நான் சப்மிட் பண்றேன், உன் பேருதான் முதல்ல," என்றாள் போனில். ஆராய்ச்சித் தகுதியில் கேட்க இருந்த கிரீன் கார்டுக்கு அந்தக் கட்டுரையைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்.

கட்டுரை வந்ததும் அவள் பேசிய கூட்டத்தைச் சென்னையிலிருந்து வீடியோவில் பார்த்தேன். திரையில் என் ஃபிலிம். ஆசிரியர் பெயர்களில் அவள் முதலில். நான் கடைசியில், நன்றி சொல்லும் வரியில். படத்தின் ஓரத்தை வெட்டியவள் ஒழுங்காக வெட்டவில்லை; மூலையில் 'தொ'வில் பாதி மிஞ்சியிருந்தது. அந்தக் குறி என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"ஓ, தட்? ஜஸ்ட் எ ஸ்கிராட்ச்," என்றாள் அக்கா.

பெயரை எடுத்ததைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். அந்தப் பதிலை என்னால் மன்னிக்க முடியவில்லை. மைக்கைத் திறந்தேன், திரும்ப மூடிவிட்டேன். அந்தக் கோபம் இன்றும் பாதி என் மேல்தான். கிரீன் கார்டு பிறகு கணவரின் வேலை வழியாக வந்தது. ஆய்வகத்துக்கு நான் திரும்பவில்லை.

போன வாரம் என் மகள் பாஸ்போர்ட்டோடு ஃபிலிமையும் இழுத்துப் போட்டாள். வாரக் கடைசித் தமிழ் வகுப்புக்கு முனகிக்கொண்டே போகிறவள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வில்லை அவள் கண்டுகொள்ளவே இல்லை. மூலையில் விரலை வைத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் 'தொ', ரைட்?"

"ஆமாடா," என்றேன்.