அடி படாத கொடிகள்

இருசம்மாளின் ஒரு கை தப்ஸ் மேளத்தை மடியில் அணைத்திருக்க, மறுகை அதன் தோலில் சவுதிக் கொடியின் பச்சையைப் பூசியது. சவுதியில் தன்னோடு வேலைசெய்யும் பல நாட்டாருக்கும் பொதுவான அன்பளிப்பாக, அவரவர் நாட்டுக் கொடிகளோடு ஷேக் தாவூது சொல்லிச் செய்த மேளம். அதை வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் பிடிக்க வந்தவர் பதறிப்போனார்.

"இருசம்மா, நிறுத்து! அந்தக் கொடியில கலிமா வரும், அல்லாவோட பேரு உள்ள வாசகம். அதுமேல அடிக்கலாமா? இப்படியே நான் எடுத்துட்டுப் போக முடியாது. அதை மட்டும் அழிச்சிடு."

"அப்ப மத்த நாடெல்லாம் அடி வாங்கணுமா பாய்?"

மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாக் கொடிகளையும் துடைத்தாள் இருசம்மாள். கை காட்ட ஆளில்லாமல், வந்த பஸ் பட்டறை வாசலில் நிற்காமல் போயிற்று. அடுத்ததுதான் கடைசி. கை பிடிக்கும் இடத்தை விட்டுவிட்டு, மரச்சட்டத்தைச் சுற்றி ஒவ்வொன்றாகத் திரும்ப வரைந்தாள். கலிமாவை அவரே எழுதினார்.

கடைசி பஸ்ஸின் ஜன்னல் வழியே மேளத்தை நீட்டினாள். "ஈரம் காயலை, பாத்துப் புடிங்க."