நாங்கள் வீடு மாறவில்லை

அம்மாவுக்கும் நைனாவுக்கும் விவாகரத்து ஆனபோது எனக்குப் பதினான்கு வயது, தங்கைக்கு ஒன்பது. திருத்தணியில் இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டை விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அம்மா ஒப்பவில்லை.

“புள்ளைங்க எங்கயும் போவ வேணாம். நாமதான் மாறி மாறி வந்து போவணும்” என்றாள் நைனாவிடம்.

அவரும், “ஆங், அப்படியே செய்யலாம்” என்றார்.

அதன்பின் ஒரு வாரம் அம்மா எங்களோடு இருப்பாள், மறுவாரம் நைனா. மற்ற நாட்களில் அம்மா அரக்கோணத்தில் ஒரு வாடகை அறையிலும், நைனா கனகம்மாசத்திரத்தில் தன் அண்ணன் வீட்டிலும் தங்கினார்கள்.

முதல் ஞாயிறு காலை நைனா பையோடு உள்ளே வந்தார். அம்மா பையோடு கிளம்பி நின்றாள். சண்டை வருமோ என்று பயந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சின்னவளுக்கு இருமல். வென்னீர் குடுத்துகினே இருங்க. மோட்டார் வேற மக்கர் பண்ணுது” என்றாள் அம்மா.

“நான் பாத்துக்கறேன். நீ ரயிலை வுட்டுடாத, கிளம்பு” என்றார் நைனா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தங்கை கல்லூரி விடுதிக்குப் போகும்வரை ஒரு ஞாயிறுகூட அது தவறவில்லை. ஒரு கூரையின் கீழ் சேர்ந்து வாழ முடியாத இருவர் எங்களுக்காக இதை எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஒருமுறை அம்மாவிடமே கேட்டேன்.

“தகராறு எங்களுக்குள்ளதான? வீடு உங்களுதும்தான்டி” என்றாள்.

இப்போது அங்கே தங்கை குடும்பத்தோடு இருக்கிறாள். தீபாவளிக்கு அம்மா காலையில் வருவாள், நைனா மாலையில் வருவார்.