நாலாவது மேசையின் கை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்கு நாலாவது மேசை. மோட்டார் சைக்கிளில் ஒயரைப் பிடித்து வைக்கும் நைலான் கிளிப்புகள் மிஷினிலிருந்து வரும். அவற்றின் ஓரத்துப் பிசிறை பெண்கள் நாங்கள் பிளேடால் சீவுவோம். அந்த ஐப்பசியில் கிளிப்புகள் தொட்டாலே உடைய ஆரம்பித்தன. மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வரும் நிபுணரை முதலாளி அவசரமாக வரவழைத்தார். முப்பது வருட அனுபவமாம்.

அந்த மனிதர் உடைந்த துண்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிளேடு கீறின இடத்தில்தான் உடைகிறது என்றார். பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரே நின்றார்.

"நாலாவது மேசைதான். இது வேலை செய்யுற கை இல்ல, வறட்டி தட்டுற கை."

சூப்பர்வைசர்கள் சிரித்தார்கள். சனிக்கிழமை கூட்டத்துக்குத் திரும்ப வருவதாகவும், அன்றோடு என்னை நிறுத்திவிடும்படியும் சொல்லிவிட்டுப் போனார். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆனாலும் வேலை போகிற பயத்தைவிட அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடாமல் அரித்தது. அந்த ஆளின் மூக்கை உடைக்காமல் இந்த கேட்டைத் தாண்டுவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நைலான் குருணையை ஈரம் போக நாலு மணி நேரம் காயவைத்த பிறகே மிஷினில் கொட்டுவது வழக்கம். கரண்ட் மிச்சமாகும் என்று அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தது இந்த நிபுணர்தான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் போகாத குருணையில் வார்த்ததால்தான் கிளிப் உடைகிறதோ என்று தோன்றியது.

மிஷின் ஓட்டும் பள்ளிப்பட்டு அண்ணனைக் கெஞ்சினேன். தெரிந்தால் பேஜாராகிவிடும் என்று முதலில் மறுத்தார். பிறகு செவ்வாய்க்கிழமை, ஒரு மணி நேரம் காய்ந்த குருணையில் ஒரு தட்டும், நாலு மணி நேரம் காய்ந்ததில் ஒரு தட்டும் ஓட்டிக் கொடுத்தார். இரண்டையும் நானே ஒரே பிளேடால் சீவினேன். வியாழக்கிழமை ஒவ்வொரு தட்டிலும் ஒரு கைப்பிடி எடுத்து வளைத்துப் பார்த்தேன். முதல் தட்டில் எடுத்ததெல்லாம் உடைந்தது. இரண்டாவதில் ஒன்றுகூட உடையவில்லை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை கூட்டத்தில், முதலாளியிடம் அனுமதி கேட்டு, இரண்டு தட்டையும் நிபுணர் முன்னால் வைத்தேன். இதில் என் கை எது என்று கேட்டேன். முதல் தட்டிலிருந்து எடுத்து வளைத்தார், உடைந்தது. இதுதான் நாலாவது மேசை என்றார். அடுத்ததை வளைத்தார், வளைந்து நிமிர்ந்தது. இது வேலை தெரிந்தவர் சீவியது என்றார்.

"ரெண்டுமே நான் சீவுனது சார்."

எது எத்தனை மணி நேரம் காய்ந்தது என்பதை அண்ணன் எடுத்துச் சொன்னார். முதலாளி திரும்பி நிபுணரைப் பார்த்தார். என்னை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.

சாயங்காலம் கேட்டருகே நிபுணர் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிருக்கலாம் சார். நீங்க என் கையப் பத்தித் தனியாவா சொன்னீங்க?"

கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.