நிற்கிற லட்சுமி

தென்காசியில் நான் வேலை பார்த்த துணிக்கடையில் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, முதலாளிக்குச் சுழல் நாற்காலி உண்டு, சேலை கட்டிய பொம்மைக்குக்கூடப் பீடம் உண்டு. விற்கிற எங்களுக்குத்தான் ஒன்றும் கிடையாது. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உலகம் முழுக்கத் தொழிலாளிகள் கூலிக்கும் நேரத்துக்கும் கொடி பிடித்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டது பின்பக்கத்தை வைக்க ஓர் இடம், அவ்வளவுதான்.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடி, உட்காரும் உரிமையை வாங்கிவிட்டார்கள். பிறகு நம் பக்கமும் சட்டம் வந்தது. எங்கள் முதலாளியும் ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கினார். சந்தனம் குங்குமம் வைத்து, எங்களை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார். எடுத்து முடிந்ததும் ஸ்டூல்கள் குடோனுக்குப் போயின.

"கடையில பொம்பளைக உக்காந்தா லட்சுமி தங்க மாட்டாட்டி" என்றார். லட்சுமியிடம் நேரில் பேசிவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

சேலைப் பிரிவில் என்னோடு நின்ற அக்காதான் கடையின் கெட்டிக்காரி. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், குளிக்க வந்து மாற்றுத்துணி மறந்தவர்கள் எங்கள் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். துண்டு வாங்க வந்தவரைப் பட்டுச்சேலையோடு அனுப்பிவைப்பாள். அந்த சீசனில் அவள் காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது. இப்படியே நின்றால் கால் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலையை விடவும் வழியில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, முதலாளியைக் கொண்டுபோய் ஐந்தருவியில் துண்டில்லாமல் நாள் முழுக்க நிறுத்திவைக்கலாம் போலிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூஜைக்கு முன்னால் அவர் புது லட்சுமி படம் ஒன்றோடு வந்தார். பழைய படத்தில் லட்சுமி நின்றுகொண்டிருந்தாள். இதில் தாமரையில் சம்மணம் போட்டிருந்தாள்.

"பழசு நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டேன்.

"நிக்கிற லட்சுமி கடைக்கு ஆகாதுட்டி. எப்ப வேணாலும் கிளம்பிப் போயிருவா. உக்காந்தாத்தான் தங்குவா."

அக்கா கையிலிருந்த சூடத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் கிளம்புதேன் அண்ணாச்சி. நிக்கிறவ எப்படித் தங்குவா?"

"நீயும் லட்சுமியும் ஒண்ணாம்மா?"

"அவளுக்குக் கால் வீங்காதுல்லா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். அக்கா டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெளியே நனைந்த கூட்டம் கடை திறக்கக் காத்திருந்தது. முதலாளி கூட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே குடோனுக்குப் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து, காய்ந்த சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்துப் போட்டார்.

"உக்காரு தாயி."

அக்கா உட்காரவில்லை.

"இந்தப் பிள்ளைகளுக்கும் கொண்டாங்க. பெறகு உக்காருதேன்."

அவர் மறுபடியும் குடோனுக்குப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி ஸ்டூல் வந்து சேரும்வரை அக்கா அந்த வீங்கின காலோடு நின்றாள்.