வாயைக் கட்டிச் சமைத்தவள்

ராக்கினியம்மாள் நாக்கை வைத்துப் பிழைத்தவள். இப்படிச் சொன்னால் அவளைத் தெரியாதவர்கள் சண்டைக்காரி என்று எண்ணிக்கொள்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் இங்கே பேச்சு சமையலைப் பற்றியது.

மலாயாவில் ரெம்பியாவைத் தாண்டி, பெரிய சாலையை விட்டுச் செம்மண் தடத்தில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவின் அடுப்படி அவளுடையது. முதலில் அவள் கணவன் இன்னாசிதான் அங்கே சமையல்காரன். மலேரியா அவனைக் கொண்டுபோனதும், துரை மலாக்காவிலிருந்து ஒரு ஹைனான் சீனனை அழைத்துவரச் சொல்லியிருந்தார். சீனன் வந்து சேர்வதற்குள் ராக்கினி அடுப்படிக்குள் நுழைந்து ஒரு கோழிக்கறி வைத்தாள். வந்த சீனன் பஸ் செலவை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனான். இன்னாசியின் கறியெல்லாம் யார் கைப்பக்குவம் என்பது துரைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளிடம் படியும் இல்லை, அளவும் இல்லை. கரண்டியால் குழம்பை எடுத்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். நாக்கு நுனியால் தொடுவாள். பிறகு உப்போ, புளியோ, ஒரு பிடி தேங்காயோ விழும். துரை இதை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். கறியைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இப்படி நாக்கைத் தவிர வேறு எதையும் நம்பாத மனுஷி, நாக்குச் சொல்வதை நம்பவே கூடாது என்கிற ஒரு வேதத்தில் பிறந்திருந்தாள். திண்டிவனத்துப் பக்கத்துப் பழைய கிறிஸ்துவக் குடும்பம் அது. பூசையில் குருவானவர் வசனம் சொன்னதும் அப்பம் அப்பமாக இருப்பதில்லை, ஆண்டவருடைய திருச்சரீரமாகிவிடுகிறது. அப்பத்தின் நிறமும் ருசியும் மட்டும் பாக்கி நிற்கின்றன என்று அவளுக்கு ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பங்களாவில் டோஸ்ட் சுடும் காளிதாஸ் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் வம்புக்கு இழுத்தான்.

“ருசி ரொட்டி ருசிதானேக்கா? அப்ப ரொட்டிதானே?”

“உனக்குக் காய்ச்சல் வந்தா சோறு ருசிக்குதா?”

“மண்ணு மாதிரி இருக்கும்.”

“அதுக்காக மண்ணைத் தின்னேன்னு சொல்லுவியா? சோறு இருக்கு, ருசி போயிருச்சு. இது அதுக்குத் தலைகீழு. ருசி இருக்கு, ரொட்டி போயிருச்சு. போய் முட்டையை எடு.”

காளிதாஸ் முட்டையை எடுத்தான். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கியிருந்தது என்பது அவனுக்கு விளங்கியது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்த அப்பமாகிய சற்பிரசாதம் வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. அது சட்டம். ஊருக்குள் இருப்பவர்கள் விடியலில் பூசை கண்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். தோட்டத்துக்கோ சாமியார் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அலோர் காஜாவில் முதல் பூசையை முடித்துக்கொண்டு, அதே வெறும் வயிற்றோடு மோட்டார் சைக்கிளில் குலுங்கி வந்து, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் இங்கே இரண்டாவது பூசையைத் தொடங்குவார். பூசை நடக்கும் கோவில் முன்பு ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்ட கொட்டகை. சாம்பிராணி போடாத நாளிலும் அங்கே புகை மணக்கும்.

அதே ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில்தான் பங்களாவில் கறி டிபன். சுற்றுவட்டாரத் துரைமார்கள் கூடிச் சாப்பிட்டு, சாப்பிட்ட இடத்திலேயே தூங்கும் சடங்கு அது. இரண்டு விருந்துக்கும் ராக்கினி வேண்டியிருந்தாள்.

சாதாரணப் பூசையென்றால் சற்பிரசாதம் வாங்காமல் இருந்துவிடலாம். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்குக் காலத்தில் அது நடக்காது. வருஷத்தில் அந்த ஒருமுறையாவது வாங்கியே தீரவேண்டும், வாங்காவிட்டால் பாவம். அந்தப் பாஸ்குக் காலத்துக்குள் சாமியார் தோட்டத்துக்கு வருவதும் ஒரே ஒரு தடவை. போன வருஷம் அந்த ஒரு தடவையில்தான் விபத்து நடந்தது. பூசையில் பீடத்தை மறித்த கிராதி முன்னால் முழங்காலிட்டிருந்தபோது, தன் இடது உள்ளங்கையில் மஞ்சள் கறையைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து எத்தனை தடவை கை வாய்க்குப் போயிருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அது அவளைக் கேட்டுக்கொண்டு போகும் கையில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. கங்காணியின் மனைவி பெரியநாயகி எல்லோரையும் கேட்டாள். “சாமி கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு, இவ எந்திரிச்சு ஓடுறா. அப்படி என்ன பாவமாம்? தனிக்கட்டைத் தொரை, தனிக்கட்டைப் பொம்பள. எனக்கென்னமா தெரியும்.” தனக்குத் தெரியாது என்பதை அவள் கூலிக் குடியிருப்பில் லயம் லயமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வருஷம் முழுக்க ராக்கினி கோவிலில் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஆகவே 1935இன் பாஸ்குக் காலத்தில், பூசை நாளும் ஏஜெண்டு துரை தோட்டத்தைப் பார்வையிட வரும் நாளும் ஒன்றாக விழுந்தபோது, ராக்கினி புலம்பவில்லை. விடிந்ததும் வெள்ளைத் துணியொன்றை நாலாக மடித்து வாயின்மேல் வைத்து, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கையைத் திருத்த முடியாது, வாயைப் பூட்டலாம்.

கறி கொதித்தது. கை தன்பாட்டுக்கு எழுந்தது. உள்ளங்கைச் சொட்டு துணியில் மோதி நின்றது. ராக்கினி அந்தக் கையைத் திருட்டுப் பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி எழுந்தது.

“உப்பு பாருடா,” என்றாள் துணிக்குள்ளிருந்து.

காளிதாஸ் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. “அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கேன்க்கா. கவிச்சி முடியாதுலா. உங்க சாமிக்கு நீங்க பட்டினி, எங்க அம்மனுக்கு நான் பத்தியம். தொரைங்களுக்குத்தான் யோகம்.”

அந்த நேரம் பார்த்துத் துரை தேநீருக்கு வெந்நீர் கேட்டு எட்டிப் பார்த்தார். கட்டிய வாயைக் கண்டார். “என்னா ராக்கினி, பல்லு நோவா?” ராக்கினி தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. துரை நல்லவர், நல்லவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. உடனே ஆஸ்பத்திரி டிரஸருக்கு ஆள் அனுப்பினார்.

டிரஸர் நவரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், புராட்டஸ்டண்டு மெதடிஸ்டு சபைக்காரர். பஞ்சும் புட்டியுமாக வந்தார்.

“எந்தப் பல்லு? வாயை ஆவெண்டு திறவுங்கோ. கராம்பெண்ணெய் வைச்சால் நோ பறந்திடும்.”

ராக்கினி இரண்டடி பின்வாங்கி, கரண்டியை நடுவே நீட்டினாள். “பல்லு வலி இல்லீங்கையா. இன்னிக்குச் சற்பிரசாதம். ஒரு சொட்டு உள்ள போனாலும் போச்சு.”

“அட, அதுக்கோ இந்தக் கட்டு? எங்கட சர்ச்சிலே நாங்கள் வயிறாரச் சாப்பிட்டிட்டுத்தான் போறது. கர்த்தரும் இராச்சாப்பாட்டு நேரத்திலைதானே குடுத்தவர்?”

“அவரு குடுத்தாரு, அவரு வீட்டு விருந்து. நீங்க சாப்பிட்டுட்டு வந்தீங்களா இன்னிக்கு?”

“சாப்பிட்டன். ஏன்?”

“அப்ப உப்பு பாருங்க.”

பஞ்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடியே மெதடிஸ்டு சபை உப்புப் பார்த்தது. கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, “உப்பு அளவு. உறைப்புக் காணாது,” என்றார்.

உறைப்பு விஷயத்தில் அவர் சொல்லை அவள் ஏற்கவில்லை. காரம் எவ்வளவு என்று மூக்கே சொல்லியிருந்தது. உப்புக்கு வாசனை இல்லை. அதில் மட்டும் அவரை நம்பி, சட்டியை இறக்கிக் காளிதாஸிடம் விட்டுவிட்டு, கட்டை அவிழ்க்காமலே கோவிலுக்கு நடந்தாள். வழியில் கிணறும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. வாயை நம்பலாம் என்று அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

கொட்டகை வாசலில் பெரியநாயகி நின்றிருந்தாள். கட்டைப் பார்த்தாள். கட்டின்மேல் பளிச்சென்று இருந்த மஞ்சளையும் பார்த்தாள்.

“என்னடி ராக்கினி, வாயெல்லாம் கறிக்கொழம்பு? இந்த வருசமும் பாதியில எந்திரிச்சு ஓடப் போறியா?”

பத்துப் பெண்கள் திரும்பினார்கள். ராக்கினி குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டல்ல, அந்தக் கை அவளுக்குத் தெரியாமல் பலமுறை போய்வந்திருந்தது. ஊறி உள்ளே இறங்கியிருந்தால்? காலையெல்லாம் பட்ட பாடும், இந்தப் பாஸ்கும், இன்னொரு வருஷத்துக் காலிப் பாயும் நாலு மடிப்புத் துணியில் நின்றன. அவள் முடிச்சை அவிழ்த்தாள். முதல் மடிப்பு மஞ்சள். இரண்டாவதில் லேசான நிழல். மூன்றாவதும் நாலாவதும் வெள்ளை. உதட்டில் பட்ட பக்கத்தைப் பெரியநாயகியின் மூக்குக்கு நேரே விரித்தாள்.

“பாத்துக்க. மோந்தும் பாத்துக்க. போன வருசம் ஓடினதுக்கும் இதான் காரணம். கொழம்பு ருசி பாத்துட்டேன். தொரையை இல்ல.”

யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள். பெரியநாயகி துணியைப் பார்த்தாள், மோந்து பார்க்கவில்லை.

பெண்களை வென்றாயிற்று, ஆனால் மனசு அடங்கவில்லை. பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டாள். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காப்பது குருவின் கடமை. ராக்கினிக்கு அப்படியொரு கடமை இல்லாததால், நடந்தது தோட்டம் முழுக்கத் தெரியும். துரை பல்வலி என்று எண்ணிக்கொண்டதிலிருந்து தொடங்கினாள். பிரெஞ்சுச் சாமியார் புத்தகத் தமிழில் பேசுபவர்.

“துரையிடம் பொய் சொன்னாயோ?”

“சொல்லல சாமி. அவரா நெனச்சுக்கிட்டாரு. நான் இல்லைன்னு சொல்லல.”

“அது சிறிய குற்றம். வேறு?”

“கொழம்பு துணியில பட்டிருக்கு. உள்ள போச்சான்னு தெரியல. வாங்கலாமா?”

“உன் நாக்கு என்ன சொல்கிறது?”

“ஒண்ணுஞ் சொல்லல. உப்பும் இல்ல, காரமும் இல்ல.”

“அப்படியானால் இந்தக் காரியத்துக்கு அதை நம்பு. அடுத்த காரியத்துக்கு நம்பாதே.” பிறகு, முந்தின நாள் மாலையிலிருந்து ஒன்றும் உண்ணாத மனிதர், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டார்: “கோழியா?”

“கோழிதான் சாமி. உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன்.”

பூசை நடந்தது. லத்தீன் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுப்பிலிருப்பதை மூடியைத் திறக்காமல் அறிகிறவள் அவள். மணி அடித்தது, சாமியார் கையில் அப்ப வடிவான ஓஸ்தி உயர்ந்தது, தலைகள் தாழ்ந்தன. கிராதி முன்னால் பெரியநாயகியின் பக்கத்திலேயே போய் முழங்காலிட்டாள். நேற்று இரவுக்குப் பிறகு அவள் வாய்க்குள் முதன்முதலாக ஒன்று வந்தது. மெல்லிய ரொட்டியின் ருசி. உப்பில்லாத ரொட்டி. நாக்கு தன் வேலையைச் செய்து, உப்பில்லை என்று அறிக்கை கொடுத்தது. கேட்டுக்கொண்டாள். பொருட்படுத்தவில்லை.

பங்களாவுக்குத் திரும்பியபோது துரைமார்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டியை வழித்துவிட்டார்கள் என்றான் காளிதாஸ். இதுவரை இப்படியொரு கறி தின்றதில்லை என்று ஏஜெண்டு துரை சொன்னாராம். ராக்கினி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். சாமியாருக்கென்று மூடிவைத்திருந்த கிண்ணத்திலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கால் தொட்டாள். முகம் சுளித்தது.

“உப்பு பத்தல. மெதடிஸ்டு நாக்கு.”

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, கிண்ணத்தைச் சாமியாருக்கு எடுத்துப்போனாள்.

அதற்குப் பிறகு பூசை வரும் ஞாயிறுகளில் டிரஸர் நவரட்ணம் கூப்பிடாமலே அடுப்படிக்கு வந்து நிற்க ஆரம்பித்தார். அவர் சொல்லும் உப்போடு ராக்கினி ஒரு சிட்டிகை கூட்டிப் போடுவாள். வாய்க்கட்டுத் துணியை எத்தனை முறை துவைத்தும் அந்த மஞ்சள் போகவில்லை. அதைப் போக்க அவள் பெரிதாக முயன்றதாகவும் தெரியவில்லை. கோவிலுக்குப் போகும்போது கறைப் பக்கம் வெளியே தெரியும்படியே கட்டிக்கொண்டு போய், பெரியநாயகிக்கு அடுத்த பாயில் உட்காருவாள்.