உம்முண்டானுக்குள் என் தம்பி

வாசலில் செருப்பைக் கழற்றியதும் கெல்வின் வலது கைக் கட்டைவிரலைக் கால்சட்டையின் பக்கவாட்டில் தேய்ப்பான். மேலிருந்து கீழாக ஒரு முறை. விரலைத் திருப்பி இன்னொரு முறை. அதன் பிறகுதான் மகள் ரேச்சலின் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போடுவான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் இதேதான். குளித்து சோப்பு மணக்க நிற்கும்போதும் விரலைத் துடைக்காமல் போட மாட்டான்.

"கை சுத்தமாத்தானடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

"தெரியும்க்கா. இருந்தாலும் தொடச்சிட்டா ஒரு திருப்தி."

கெல்வின் என் ஒரே தம்பி. மலாக்கா பக்கத்தில் லூபோக் சீனா என்ற ஊரில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வேலை. வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சமையல் கேஸ் தோங், அதுதான் சிலிண்டர், கொண்டுபோய்ப் போடுவான். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். தோங்கை இடது தோளில், மடித்த துண்டின் மேல் வைத்து, உடம்பை வலப்பக்கம் சாய்த்து ஆடி ஆடி நடப்பான். எந்த வாசலுக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்துதான் நுழைவான். பழக்கம் விடவில்லை. மாதா கோயிலின் பெரிய கதவிலும் அப்படித்தான் நுழைகிறான். பூசை வைக்க வரும் சாமியாரே ஒரு நாள் சிரித்துவிட்டார்.

அழைப்பு மணியைத் தொட மாட்டான். கேட்டுக்கு வெளியே நின்று "கேஸ் வந்திருச்சி" என்று ஒரே குரல். குரைக்கிற நாயிடம் "தம்பி, அண்ணந்தான்லா, கத்தாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். புதுத் தோங்கை மாட்டியதும் கிளம்பிவிடுவதில்லை. ஸ்பாஞ்சில் சோப்புத் தண்ணீர் நனைத்து இணைப்பைச் சுற்றித் தடவி, நுரை பொங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பான். வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினால், "நான் போனதுக்கப்புறம் நீங்கதானே அடுப்பு பத்த வைக்கப் போறீங்க" என்பான். அவன் மாட்டிக் கொடுத்த தோங்கில் கசிவு என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. தவுக்கேயிடமே கேட்கலாம்.

இவன் சினிமாவில் நடித்ததும் இந்தத் தோங்கால்தான்.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் படக்கதைப் புத்தகங்கள் சில உண்டு. செம்பனைக் காட்டில் உம்முண்டான் என்று ஒரு பெரிய உருவம். உடம்பெல்லாம் ரோமம். பேசாது, எப்போதும் உம்மென்றே இருக்கும். வழி தவறிய பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போகும். ரேச்சலின் புத்தகங்கள் எல்லாம் நான் டேப் ஒட்டிக் காப்பாற்றியவை. அந்தக் கதைகளைக் குடும்பப் படமாக எடுக்க எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தார்கள். உம்முண்டான் உடைக்குள் இருந்தவர் கோலாலம்பூரில் நடனம் ஆடுபவர். ஓடச் சொன்னால் ஓடினார், தாவச் சொன்னால் தாவினார். ஆனால் ஒரு சிறுமியைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்து வாய்க்கால் பலகையைக் கடக்க மட்டும் அவரால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கால் நடுங்கியது.

அந்த நேரம் பார்த்து, படக்குழுவின் சமையல்காரருக்கு கேஸ் கொண்டுவந்த என் தம்பி, தோங்கோடு அதே பலகையில் ஆடி ஆடி நடந்து போயிருக்கிறான். இயக்குநர் பவானேஸ்வரி, சின்னப் பெண்தான், பின்னாலேயே ஓடி வந்தாராம்.

"அண்ணே, தோங்குக்குப் பதிலா ஒரு பிள்ளையத் தூக்குவீங்களா?"

"பிள்ள லீக் ஆகாதுல்ல?" என்றானாம் இவன்.

தவுக்கேயிடம் லீவு வாங்கி, தூக்கும் காட்சிகளுக்கும் கடைசியில் பிரியும் காட்சிக்கும் உடைக்குள் புகுந்தான். உள்ளே வெக்கையாக இல்லையா என்று கேட்டேன். "நம்ம லோரிக்கு இது எவ்வளவோ பரவால்லக்கா. இதுல சின்ன ஃபேன் வச்சிருக்காங்க" என்றான். பிரியும் காட்சியை விடியற்காலைப் பனியில் எடுத்தார்கள். குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். "தொட்டேன், வந்துட்டேன். கண்ணுக்கு ரெண்டே ரெண்டு ஓட்ட. என் கையே எனக்குத் தெரியல" என்றான். போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒரு படம்கூட எடுத்து வரவில்லை. மற்றவர்களாயிருந்தால் ஒளித்தாவது எடுத்திருப்பார்கள்.

வினை அங்கேதான் வந்தது. ரேச்சல் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் உட்காரும் மலர்விழி, "ஒங்கப்பா கேஸ் போடறவருதானே. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல செய்றது" என்றிருக்கிறாள். முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் உம்முண்டான் ஓடுகிறது, தாவுகிறது, மரத்தைவிட உயரமாக வளர்கிறது. எதுவுமே என் தம்பி இல்லை.

அன்று சாயங்காலம் ரேச்சல் நேராகக் கேட்டாள். "அப்பா, நெஜமா அது நீங்கதானா?"

"கொஞ்சம் நானு, கொஞ்சம் டான்ஸ் ஆடற கேஎல் அண்ணன், கொஞ்சம் கம்ப்யூட்டர்மா."

"எது நீங்க?"

"படம் வந்தாத்தான் தெரியும். நம்ம பாகத்த வெட்டியும் இருக்கலாம்."

பிள்ளை உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம். "எல்லாமே நாந்தான்னு சொல்லிட்டுப் போயேன்டா. சின்னப் பிள்ளதானே" என்றேன்.

"பின்னால அது கண்டுபிடிச்சிட்டா, நான் சொன்ன மத்ததையும் நம்பாதுக்கா."

அதன் பிறகு ரேச்சல் உம்முண்டான் புத்தகங்களைத் தொடவில்லை. கெல்வின் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அலமாரியில் அவை இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் குளிக்கப் போவான். நெற்றியில் சிலுவை போடும்போது மட்டும் பிள்ளை மறுக்காமல் நின்றாள்.

படம் வந்ததும் மலாக்காவுக்குப் போனோம். அவன் மனைவி கேத்லீனுக்குத் தொழிற்சாலையில் அன்று ஷிஃப்ட். அதனால் நான் துணைக்குப் போனேன். கெல்வின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கால்சட்டையும் போட்டிருந்தான். இரண்டுக்கும் நான்தான் இஸ்திரி போட்டேன். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தியேட்டர் கதவிலும் முழங்காலை மடக்கிக் குனிந்துதான் நுழைந்தான்.

நடுவில் ரேச்சல், இரண்டு பக்கமும் நாங்கள். உம்முண்டான் முதன்முதலில் திரையில் வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, இது நீங்களா?"

"இல்லம்மா, கேஎல் அண்ணன்."

"இது?"

"கம்ப்யூட்டர்."

"இப்ப?"

"அந்த அண்ணந்தான். எவ்வளவு அழகா தாவுறாரு பாரு."

வாய்க்கால் காட்சி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் வெகு தூரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, பனிக்குள் புள்ளியாக ஏதோ போனது. அது மனிதனா மாடா என்றுகூடச் சொல்ல முடியாது.

"இதுவாப்பா?"

"இதுதான்னு நெனைக்கிறேன். தூரமா காட்டறாங்க. சரியாத் தெரியலம்மா."

தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல அவனுக்கு வரவே வராது. ரேச்சல் பாப்கார்னை அப்பா மடியில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு உம்முண்டான் எத்தனை முறை வந்தும் கேட்கவில்லை. கெல்வின் பாப்கார்னைத் தின்றுகொண்டே இருந்தான். பசியில் தின்பது மாதிரித் தெரியவில்லை.

கடைசிக் காட்சி. சிறுமியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு உம்முண்டான் குந்தி உட்காருகிறது. இந்த முறை கிட்டத்தில் எடுத்திருந்தார்கள். நகம் வைத்த பெரிய கை குழந்தையின் தலையை நோக்கிப் போகிறது. பாதியில் நிற்கிறது. திரும்பி வந்து, தன் இடுப்பு ரோமத்தில் கட்டைவிரலைத் தேய்க்கிறது. மேலிருந்து கீழாக ஒரு முறை. விரலைத் திருப்பி இன்னொரு முறை. பிறகு குழந்தையின் நெற்றியில் சின்னதாக ஏதோ வரைகிறது.

பின் வரிசையில் ஓர் அம்மா தன் பிள்ளையிடம் சொன்னார். "பாத்தியா, திருநீறு பூசிட்டுப் போவுது."

கெல்வின் ரேச்சலின் தலைக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. "தலையத்தானேக்கா தொடச் சொன்னாங்க. இத எப்ப செஞ்சேன்?" என்றான் ரகசியமாக.

ரேச்சல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெற்றியில் விழுந்த முடியை இரண்டு கைகளாலும் மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் அப்பா பக்கம் சாய்த்தாள்.

கெல்வினின் கை அவள் நெற்றி வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றது. பாப்கார்ன் சர்க்கரை பிசுபிசுத்த கட்டைவிரலை, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த கால்சட்டையில் மேலிருந்து கீழாக ஒரு முறை தேய்த்தான். விரலைத் திருப்பி இன்னொரு முறை.